வில்லாகும் மரம்

சென்னை மாநகர்க்குத் தெற்கே, குன்றுகள் சூழ விளங்கும் பல்லாவரம் பழம்பெருமை வாய்ந்த ஊராகும். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர், இவ்வூர்ப் படைப்பயிற்சித் திடலருகே இருந்த சரளைக் குழியொன்றில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். பழங்கற்கால மக்கள் இந்திய நாட்டில் வாழ்ந்தனர் என்பதற்கு அதுவே முதற்சான்றாக அமைந்தது. கல்லால் ஆகிய கருவி நெடுங்காலம் மண்ணுட் கிடந்தும் அழியவில்லை; அக்காலத்தார் மரத்தாற் செய்த பொருள்களோ மட்கி மறைந்தன.

தமிழில் ‘சிலை’ என்னும் சொல் கல்லையும் குறிக்கும், வில்லையும் குறிக்கும், ஒருவகை மரத்தையும் குறிக்கும். வில்லுக்கும் மரத்துக்கும் உள்ள உறவு அத்துணை நெருங்கியது. ஆயினும், வெட்டிய மரம் அன்றே வில்லாகிவிடாது. இவ்வுண்மையை யான் சிறுவனாய் இருந்தபோது ஒரு துன்பத்தின் வாயிலாகவே கற்றேன்.

எங்கள் தெருவில் இராமாயண நாடகம் ஆட விரும்பி, நானும் என் தோழனும் பச்சைக் கொம்பு ஒன்றை வெட்டி, அன்றே நாண் பூட்டினோம். சிலமுறை இழுத்த அளவில் அது வளைந்தபடியே நின்றுவிட்டது. பின்னர் வேறொரு கொம்பை வெட்டி, உச்சி வெயிலில் மூன்று நாள் காய வைத்தோம். அதன் முனைகள் வெடித்திருந்தன. அதனை நாங்கள் பொருட்படுத்தவில்லை. தோழன் நாணை இழுத்தான்; வில் முறிந்தது. தெறித்த சிம்பு அவன் புருவத்தைக் கிழித்தது. ஒரு விரற்கடை தாழ்ந்திருப்பின் கண் போயிருக்கும்.

ஓடிவந்த முதிய தச்சர் ஒருவர் காயத்தைக் கட்டினார். பின்பு முறிந்த துண்டைக் கையிலெடுத்து, “தம்பி, மரம் பிழை செய்யவில்லை, நீங்கள்தாம் அதற்குக் காலம் கொடுக்கவில்லை” என்றார். அன்று அவர் கூறியவற்றையும், பின்னர் யான் நூல்களிற் கற்றவற்றையும் ஈண்டு கூறுவேன்.

பச்சை மரத்தில் நீர் இருவகையாக உள்ளது. நுண்ணறைகளின் உள்ளே நிற்பது ஒன்று. அறைச் சுவர்களில் ஊறியிருப்பது மற்றொன்று. முதலில் உள்ளே நின்ற நீர் வெளியேறும். அப்போது மரத்தின் எடை குறையுமேயன்றி அளவு குறையாது. எஞ்சிய நீர், உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு முப்பது பங்கு என்னும் அளவிற்கு இறங்கிய பின்னரே, சுவர்கள் உலர்ந்து மரம் சுருங்கத் தொடங்கும். அச்சுருக்கமும் எல்லாப் பக்கத்தும் ஒத்ததன்று. நீளத்தில் மிகச் சிறிது. ஆண்டு வளையங்களைக் குறுக்கே கடக்கும் திசையில் அதனினும் மிகுதி. வளையங்களை ஒட்டிச் செல்லும் திசையில் அதனினும் ஏறத்தாழ இருமடங்கு. இவ்வேறுபாட்டாலேயே முழுக்கட்டை வெடிக்கின்றது. மேலும், பக்கங்களைவிட வெட்டுவாயின் வழியே நீர் மிக விரைந்து வெளியேறுதலால், முனைகளே முதலிற் பிளக்கின்றன.

ஆதலின், வில்லுக்குரிய மரத்தை முடிச்சின்றி நேராய் ஓடும் இழையுடையதாகத் தேர்ந்து, வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகேனும் வண்ணமேனும் பூசுதல் வேண்டும். பின்னர்க் கட்டையை நெடுக்கே பிளந்து, வண்டு துளையாவண்ணம் பட்டையை நீக்கி, பட்டை நீங்கிய புறத்தையும் பூசி மூடுவர். கழிகளைத் தரையிற் படாமல் நிழலில் அடுக்கி, இடையிடையே சட்டங்கள் வைத்துக் காற்றோடச் செய்வர். வில்லின் வடிவிற் பருமனாகச் செதுக்கி வைப்பின் விரைவில் உலரும். கோணாமலிருக்க நேரான பலகையோடு பிணித்து வைப்பர். வாரந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றதாயின், மரம் காற்றின் ஈரத்தோடு ஒத்துவிட்டது என்று அறிக. கடலருகேயுள்ள நம் பகுதியில், ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் உலர்தல் தாழ்க்கும்.

வில்லுக்கு நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவான ஈரம் ஏற்றது. அதனின் மிகுந்தால் வில் வளைந்தே நிற்கும். மிகவும் குறைந்தால் நொறுங்கும். நாணை இழுக்குங்கால் வில்லின் வெளிப்புறம் நீட்சியுறும்; உட்புறம் நெருக்குண்ணும். வெளிப்புறத்தில் ஒரு சிறு வெடிப்பு இருப்பினும் முறிவு அங்கே தொடங்கும். எங்கள் வில் முறிந்ததும் அவ்வாறே.

இவ்வறிவு மிகப் பழையது. 1991ஆம் ஆண்டு ஆல்ப்சு மலைப் பனியில் ஏறத்தாழ 5300 ஆண்டுகட்கு முற்பட்ட மனிதன் ஒருவனின் உடல் கிடைத்தது. அவனருகே 1.82 மீட்டர் நீளமுள்ள, செதுக்கி முடியாத வில் ஒன்றும் கிடந்தது. நம் அண்டை நாடாகிய வயநாட்டிலோ, 1802ஆம் ஆண்டு பனமரத்தில் குறிச்சியர் வில்லேந்தி ஆங்கிலக் கும்பினிப் படையைத் தாக்கினர். இத்தகையோர்க்கு முறியாத வில்லே உயிர்த்துணை.

தச்சர் சித்திரையிற் பிளந்து தந்த கழியை, மளிகைக் கடைத் தராசில் வாரந்தோறும் நிறுத்து வந்தோம். ஆடியில் எடை நிலைத்தது. ஆவணியில் அவர் நாண் பூட்டித் தந்தபோது, புருவத்தில் வடுவுடைய என் தோழனே முதலில் இழுத்தான். யாவரும் மூச்சடக்கி நின்றோம். வில் வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது.

மாணவர்களே, விரைவு வேண்டுமிடத்து விரைக. காத்திருக்க வேண்டுமிடத்துக் காத்திருக்கக் கற்க. காத்திருந்த நான்கு திங்களும் வீணாகவில்லை என்பதை, அன்று நிமிர்ந்த அவ்வில்லே எங்கட்கு உணர்த்தியது.