வலி மாத்திரையும் ஒட்ட வேண்டிய எலும்பும்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. 2001-ல் மூடும்வரை சுரங்கத்தில் இருந்தவர். ஐந்து வாரத்துக்கு முன் பெங்களூரில், கீழ் முதுகெலும்பில் ஸ்குரூ வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். ‘டைக்ளோஃபெனாக் வேண்டாம்’ என்றார் டாக்டர். ராத்திரி வலி தாங்காமல் அப்பா அதையேதான் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, கோரமண்டல், கோலார் தங்கவயல்

பதில்: ஏற்கெனவே ஒன்றிரண்டு கொடுத்திருந்தால் பதற வேண்டாம், அம்மா. ஆனால் டாக்டரைக் கேட்காமல் இனி கொடுக்காதீர்கள்.

சுரங்கத்தில் பாறை இறங்காமல் மரத்தாலும் கருங்கல்லாலும் முட்டுக் கொடுத்ததை அப்பா பார்த்திருப்பார். ஸ்குரூவும் ஒரு முட்டுதான். எலும்பு ஒட்டிக் கெட்டிப்பட ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். ஒட்டாவிட்டால் ஸ்குரூ தளரும், உடையவும் கூடும். அடிபட்ட இடத்தில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் வலியைக் கூட்டுகிறது. புது எலும்பு கட்டும் செல்களைத் தூண்டுவதும் அதுவே. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் எல்லாம் அந்தச் சுரப்பைத் தடுப்பவை. 1998-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இதே வகையைச் சேர்ந்த கீட்டோரோலாக் கொடுக்கப்பட்ட 167 பேரில் 29 பேருக்கு எலும்பு ஒட்டவில்லை. கொடுக்கப்படாத 121 பேரில் 5 பேருக்குத்தான் அப்படி ஆனது. குறைந்த அளவில் சில நாள் மட்டும் கொடுத்தால் பெரிய கெடுதல் தெரியவில்லை என்று பிந்தைய ஆய்வுகள் பல சொல்கின்றன. அதனால்தான் டாக்டருக்கு டாக்டர் பேச்சு மாறுகிறது. டிஸ்க்கை மட்டும் எடுத்தவர்களுக்கு எலும்பு ஒட்ட வேண்டிய வேலையே இல்லை. ‘நான் போட்டேனே, ஒன்றும் ஆகவில்லையே’ என்று அவர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வெறும் பாராசிட்டமாலை, டாக்டர் சொல்லும் அளவில், நேரம் வைத்துக் கொடுங்கள். வலி ஏறிய பிறகு கொடுத்தால் பலன் குறைவு. மருந்துக்கடையில் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்: அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையும் உண்டு. டிராமடால் எழுதிக் கொடுத்தால், அப்பாவுக்குச் சிலிகோசிஸோ (சுரங்கத் தூசியால் வரும் நுரையீரல் நோய்) மூச்சிரைப்போ இருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரை மூச்சை மந்தமாக்கலாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால், அதை நீங்களாக நிறுத்தக் கூடாது.

பீடி பிடிக்கிறாரா? எலும்பு ஒட்டுவதைக் கெடுப்பதில் எனக்கு மாத்திரையைவிட அதன்மேல்தான் பயம் அதிகம். இன்றே விடச் சொல்லுங்கள்.

ஐந்தாவது வாரத்தில் வலி குறைந்துகொண்டு வர வேண்டும். புதிதாகக் கூடினால் அறுவை செய்த டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். காய்ச்சல், தையலில் சீழ், கால் பலவீனம், சிறுநீர் அடைப்பு, இவற்றில் எது வந்தாலும் பெங்களூர் போகும் காலை ரயிலுக்குக் காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.