செண்பகப் பெருமாள்: உறவும் உயர்வும்

வேந்தர் அவையில் ஒருவர் உயர்வதற்குப் பிறப்பு, மணவுறவு, மகவேற்பு, பணித்திறன் என வழிகள் பலவுண்டு. இவை தம்முள் முரணும்போது விளைவது யாது? இதனை விளக்கும் வரலாறு ஒன்று நம் ஈழநாட்டிலேயே உளது. கோட்டை அரண்மனையில் வளர்ந்து, யாழ்ப்பாணத்தை ஆண்டு, ஈற்றில் கோட்டையின் முடியையே சூடிய செண்பகப் பெருமாளின் வரலாறே அது. மாணவர்க்குப் பயன்படுமாறு அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

பெயரும் குடியும்

சிங்கள நூல்கள் இவரைச் சபுமல் குமாரயா என்னும். சபு என்பது செண்பகம். மல் என்பது மலர். ஆகவே, இரு மொழியிலும் பெயர் ஒன்றே. ஆறாம் பராக்கிரமபாகு மன்னன் இவரை மகனாக ஏற்று வளர்த்தான் என்று இராஜாவலிய என்னும் நூல் கூறும். போர்த்துக்கேய வரலாற்றாசிரியராகிய கூத்தோ வேறொரு செய்தி தருவர். எதிர்க்கரையிலிருந்து வந்த பணிக்கர் ஒருவருக்கு அம்மன்னன் உயர்குடிப் பெண்ணை மணமுடித்தான் என்பதும், அவர்க்குப் புதல்வர் இருவர் பிறந்தனர் என்பதும் அவர் கூற்று. அவ்விருவருள் மூத்தவர் செண்பகப் பெருமாள். இளையவர் அம்புலுகல குமாரயா என்பர்.

அரசபணி

1450ஆம் ஆண்டளவில் செண்பகப் பெருமாள் யாழ்ப்பாணத்தை வென்றார். ஆங்கு ஆண்ட கனகசூரிய சிங்கையாரியன் தன் மக்களோடு தமிழகம் சென்றான். அதன்பின் ஏறத்தாழ 17 ஆண்டுகள் யாழ்ப்பாணம் இவராட்சியில் இருந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் கட்டியத்தில் இன்றும் ஒலிக்கும் ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு என்னும் பெயர் இவரையே குறிக்குமென்பர் பலர். முன்னிருந்த அமைச்சர் ஒருவரைக் குறிக்குமென்பாரும் உளர்.

நம் மலைநாட்டை நிருவகித்த ஜோதிய சிட்டானன் 1463ஆம் ஆண்டளவில் திறை மறுத்துக் கிளர்ந்தபோது, அதனை அடக்கச் சென்றவர் இளையவராகிய அம்புலுகல குமாரயா. இவ்வாறு வடக்கையும் மலையையும் உடன்பிறந்தார் இருவரும் மன்னனுக்குக் காத்தளித்தனர்.

இரு தூதுகள்

மன்னனுக்கு உலகுடைய தேவி என்னும் மகளும் இருந்தாள். அவளை மணந்தவர் நன்னூர்த்துணையார் என்னும் அமைச்சர். அவளுக்கு ஓர் ஆண்மகவு வேண்டிக் களனி விபீடணக் கடவுளிடம் நாகணவாய்ப்புள்ளைத் தூது விடுப்பதாக அமைந்தது, தொட்டகமுவ இராகுல தேரரின் செலலிஹிணி சந்தேசய. அக்காலத்தெழுந்த கோகில சந்தேசயவோ தெவிநுவரையிலிருந்து யாழ்ப்பாணத்திலுள்ள செண்பகப் பெருமாளுக்குக் குயிலைத் தூது விடுப்பது. வளர்ப்பு மகனுக்கு ஒரு பறவை. மகள் வயிற்றுப் பேரனுக்கு மற்றொரு பறவை. பின்னர் மூண்ட பகையின் வித்தினை இவ்விரு நூல்களிலும் ஒருங்கே காண்கின்றோம்.

அரியணை

1467இல் மன்னன் மறைந்தான். உலகுடைய தேவியின் மகன் ஜயபாகு அரசனானான். நாடு வென்றளித்த வளர்ப்பு மகன் இதனைப் பொறாது படையுடன் தெற்கே வந்து, அவனைக் கொன்று, 1469ஆம் ஆண்டளவில் ஆறாம் புவனேகபாகு என முடிசூடினார்.

அதே 1467இல் யப்பானிலும் இத்தகைய போர் ஒன்று மூண்டமை நோக்கத்தக்கது. அசிக்காகா யோசிமசா என்னும் தலைவர் தம் தம்பியை வாரிசாக ஏற்றபின் அவர்க்கு மகன் பிறந்தான். அவ்வுரிமைப் பிணக்கும் கலந்த ஓனின் போர் 1477 வரை நீடித்துக் கியோத்தோ நகரை அழித்தது.

ஈழத்திலும் விலை பெரிதாயிற்று. கனகசூரியன் மீண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். தெற்கிலோ குடிகள் கிளர்ந்தனர். கிளர்ந்த நாற்கோறளை மக்களுக்கு இவ்வரசர் அளித்த மன்னிப்பைத் தெதிகமைக் கல்வெட்டு உரைக்கின்றது. 1476இல் பெகு நாட்டு மன்னன் தம்மசேதி அனுப்பிய தேரர் 22 பேர், இவராட்சியிலேயே களனி கங்கையில் உபசம்பதை பெற்றனர். பொல்பிட்டியவில் இரு ஓயாக்கள் கூடிப் பிறக்கும் நம் ஆறே அக்களனி என்பதை மாணவர் நினைவிற் கொள்க. இவருக்குப்பின் முடிசூடிய பண்டித பராக்கிரமபாகுவை அம்புலுகல குமாரயா கொன்று அரசெய்தினார். அண்ணன் காட்டிய வழியே தம்பியும் சென்றார்.

முடிவுரை

ஜயபாகுவின் கொலையை யாம் நியாயப்படுத்தோம். ஆயினும், ஒன்று தெளிவு. எதிர்க்கரையினின்று வந்தவர் மகனெனக் கருதப்பட்டவரை அக்கால அரசவை தன் மகனாகவே ஏற்றது. அவர்தம் பணியையும் பெற்றது. உரிமை பகிரும் வேளையிலேதான் உறவு அளக்கப்பட்டது. உழைப்பைக் கொள்ளும்போது மகன் என்றும், உரிமையை வழங்கும்போது அயலான் என்றும் கூறும் வீடு அமைதியுறாது. 1948இல் குடியுரிமை இழந்து, நெடுங்காலம் போராடி அதனை மீளப் பெற்ற மலையக மக்களின் வழித்தோன்றல்களாகிய நம் மாணவர்க்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.