மனவெழுச்சிச் சமநிலையை அளவிடுதல்

இன்பதுன்பங்களில் நிலைகுலையாதிருத்தல், குலைந்தாலும் விரைவில் மீளுதல் ஆகிய இயல்பை உளவியலார் மனவெழுச்சிச் சமநிலை என்பர். ஒருவரையே வினவி, அவர்தம் விடைகளைக் கொண்டு இதனை அளவிடும் முறை முதலாம் உலகப் போர்க்காலத்தில் உருப்பெற்றது. போர் அதிர்ச்சிக்கு எளிதில் ஆளாகக்கூடிய வீரர்களை முன்கூட்டியே கண்டறிவதற்காக, அமெரிக்க உளவியலார் உட்வொர்த், 'ஆம்' அல்லது 'இல்லை' என விடையளிக்கத்தக்க 116 வினாக்களைத் தொகுத்தார். அவை விரிவாகப் பயன்படுமுன் 1918-இல் போர் முடிவுற்றது.

1964-இல் ஐசங்க் வெளியிட்ட ஆளுமைப் பட்டியலில் 57 வினாக்கள் உள்ளன. சமநிலைக் குறைவை 24 வினாக்களும், புறமுகத் தன்மையை 24 வினாக்களும் அளவிடுகின்றன. எஞ்சிய 9 வினாக்கள் விடைகளின் நேர்மையைச் சோதிப்பவை. எவரிடத்தும் காணக்கூடிய சிறு குறைகளையும் ஒருவர் தம்மிடம் இல்லையென மறுப்பாராயின், அவர்தம் பிற விடைகளும் ஐயத்திற்குரியனவாகும்.

இம்முறையின் வலிமையும் குறையும் ஒன்றே: அது விடையளிப்பவரின் வாய்மையைச் சார்ந்தது. ஆலோசனை நாடி வரும் மாணவர் தம் கவலையை மறைக்கக் காரணமில்லை. வேலை நாடி வருபவருக்கோ மறைப்பதே ஆதாயம். அங்கு உண்மை உரைத்தவர் தள்ளப்பட்டு, மறைத்தவர் தேறக்கூடும்.

மதிப்பெண்ணிலும் பிழை உண்டு. ஒரு சோதனையின் நம்பகத்தன்மைக் கெழு 0.84, திட்ட விலக்கம் 5 எனக் கொள்வோம். 1-இலிருந்து 0.84-ஐக் கழித்தால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, அதனை 5-ஆல் பெருக்க, அளவீட்டின் திட்டப்பிழை 2 ஆகும். எனவே, 14 பெற்றவருக்கும் 16 பெற்றவருக்கும் இடையே உண்மையான வேறுபாடு உண்டெனத் துணிந்து கூற இயலாது. 15-ஐ எல்லையாக வகுத்து ஒருவரை ஏற்று மற்றவரை விலக்குவது அறிவியலாகாது.

நம் நாட்டின் படை அதிகாரிகள் தேர்வு வாரியங்களில் விண்ணப்பதாரர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் பகுதி உண்டு. எனினும் அதனை மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை. உளவியலார், குழுச் சோதனை அலுவலர், நேர்காணும் அலுவலர் ஆகிய மூவரும் தனித்தனியே மதிப்பிட்ட பின்னரே முடிவு எட்டப்படுகிறது.

வினாப்பட்டியலைக் கையாளும் அலுவலர் கருத்திற்கொள்ள வேண்டியது இதுவே. மதிப்பெண் ஒருவரைப் பற்றிய விசாரணையின் தொடக்கமேயன்றித் தீர்ப்பன்று. உதவி தேவைப்படுவோரை அடையாளம் காண அது பயன்படட்டும். அதனை மட்டும் காட்டி எவருக்கும் வாய்ப்பை மறுத்தல் முறையன்று.