தொழுவப் பணிக்கும் குதிரைச் சவாரிக்கும் ஏற்ற பூட்ஸ்: தேர்ந்தெடுப்பதும் பேணுவதும்

சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிகளில் கறவை மாடு, உழவு மாடு, மேச்சேரி ஆடு, கோழி ஆகியவை இல்லாத பண்ணை வீடு அரிது. அண்மைக் காலமாகச் சிலர் குதிரையும் வளர்க்கின்றனர். ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் பண்டிகையையொட்டிக் கூடும் குதிரை, மாட்டுச் சந்தைக்கு இப்பகுதி உழவர்களும் சென்று வருகின்றனர். கால்நடைக்குத் தீவனம், தடுப்பூசி, கொட்டகை எனப் பார்த்துப் பார்த்துச் செலவிடும் நாம், அவற்றுடன் நாள் முழுவதும் நடக்கும் நம் பாதங்களுக்கு ஒரு ஹவாய் செருப்பே போதும் என்று விட்டுவிடுகிறோம். இது சிக்கனம் அன்று. பாதத்தில் ஏற்படும் ஒரு காயம் அறுவடைக் காலத்தில் பல நாள் கூலியையும், சில சமயம் உயிரையும் பறித்துவிடும்.

பாதத்திற்கு வரும் இடர்கள்

1. மிதிபடுதல்: கலப்பினக் கறவை மாடு ஏறக்குறைய 350 முதல் 450 கிலோ எடை இருக்கும். குதிரையின் எடையும் பெரும்பாலும் இதற்குக் குறைவதில்லை. அதன் காலில் இரும்பு இலாடமும் இருக்கும். விலங்கு ஒரு காலை மாற்றி வைக்கும்போது அந்த எடையில் பெரும்பங்கு நம் விரல்கள் மீது இறங்குகிறது.

2. தனுர்வாதம்: இந்நோய்க் கிருமியின் வித்துகள் மண்ணிலும், குறிப்பாகக் குதிரை, மாட்டுச் சாணத்திலும் பல்லாண்டு உயிருடன் இருக்கும். ஆணியோ கருவேல முள்ளோ ஆழமாகக் குத்திய காயத்தில் இவை எளிதில் வளரும்.

3. எலிக்காய்ச்சல்: எலி, மாடு ஆகியவற்றின் சிறுநீர் கலந்த ஈரத்தில் வெடிப்பும் கீறலும் உள்ள வெறுங்காலுடன் நிற்பதால் தொற்றும்.

4. பாம்புக் கடி: 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என்று 2020 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்தினர். கடி பெரும்பாலும் விழுவது பாதத்திலும் கணுக்காலிலும்தான். தமிழ்நாட்டில் 2024 இல் பாம்புக் கடி, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் குத்தியதே தெரியாமல் புண் பெரிதாகிவிடும். அவர்கள் தொழுவத்தில் வெறுங்காலுடன் நடத்தல் அறவே கூடாது.

ஒரே ஜோடி எல்லாவற்றிற்கும் உதவாது

பூட்ஸ் வாங்குவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த வேலைக்கு என்பதைத்தான். ஈர வேலைக்கு ஒன்று, உலர்ந்த வேலைக்கு ஒன்று என இரண்டு ஜோடி வைத்துக்கொண்டால் இரண்டும் நெடுநாள் உழைக்கும். ஒரே தோல் பூட்ஸைச் சாணத்திலும் கோமியத்திலும் தினமும் நனைத்தால், எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் சீக்கிரம் கெட்டுவிடும். கோமியத்திலிருந்து வெளிப்படும் அம்மோனியா தோலையும் பருத்தி நூல் தையலையும் அரித்துவிடுகிறது.

அ. தொழுவம் கழுவுதல், சாணம் அள்ளுதல், நீர் பாய்ச்சுதல்: முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை வரும் ரப்பர் கம்பூட்ஸ் ஏற்றது. பி.வி.சி. பூட்ஸ் விலை குறைவு. ஆனால் வெயிலில் கிடந்தால் விறைத்து, மடியும் இடத்தில் வெடிக்கும். இரவில் நீர் பாய்ச்சச் செல்வோருக்கு இந்த உயரம் பாம்புக் கடிக்கு ஓரளவு பாதுகாப்பு. எனினும் கைவிளக்கு இன்றிச் செல்லக்கூடாது.

ஆ. மாடு பிடித்தல், இலாடம் அடிக்கும்போது உடன் நிற்றல், வண்டி பூட்டுதல், தீவன மூட்டை இறக்குதல்: கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ் ஏற்றது. கனத்த உழவு மாடு வைத்திருப்போர் எஃகு முனை உள்ளதை வாங்கலாம்.

இ. குதிரைச் சவாரி: மேல்நாட்டார் பேடக் பூட்ஸ் என்று கூறும் கணுக்கால் உயர பூட்ஸ் இதற்குரியது. இதன் நெருங்கிய உறவான மற்றொரு வகை, நம் நாட்டு ஜோத்பூர் நகரின் பெயராலேயே உலகெங்கும் ஜோத்பூர் பூட்ஸ் என வழங்கப்படுகிறது.

சவாரிக்குக் கவனிக்க வேண்டியவை

சவாரி செய்பவர் கீழே விழுவதைவிடப் பெரிய ஆபத்து, விழும்போது பாதம் அங்கவடியில் சிக்கிக்கொள்வது. சிக்கிய பாதத்தோடு குதிரை ஓடினால் ஆளைத் தரையில் இழுத்துச் செல்லும். எனவே,

• குதிகால் ஏறக்குறைய 2.5 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். பாதம் அங்கவடிக்குள் முழுவதும் நுழைந்துவிடாமல் தடுப்பது இதுவே. தட்டையான செருப்புடன் சவாரி செய்வது ஆபத்து.

• அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் இருக்கக்கூடாது. அவை அங்கவடியைப் பற்றிக்கொள்ளும். மெல்லிய வரிகள் உள்ள ரப்பர் அடி போதும்.

• அங்கவடியின் உள் அகலம், பூட்ஸின் அகலத்தைவிட ஏறக்குறைய 2.5 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். புது பூட்ஸ் வாங்கும்போது வீட்டில் உள்ள அங்கவடியின் அளவை எடுத்துச் செல்லவும்.

• கம்பூட்ஸுடனும் தடித்த எஃகு முனை பூட்ஸுடனும் சவாரி செய்ய வேண்டாம். அவற்றின் பருமனே பாதத்தைச் சிக்க வைக்கும்.

கடையில் சோதிக்கும் முறை

மேல்தோல்: தோலின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் உண்மைத் தோல். மேலே பிளாஸ்டிக் படலமும் அடியில் துணியும் தெரிந்தால் அது தோல் அன்று. தோலை மடக்கினால் நுண்ணிய சுருக்கம் விழுந்து மறைய வேண்டும், பூச்சு வெடிக்கக்கூடாது. பூட்ஸின் மேற்புறத்திற்குக் குரோமியம் முறையில் பதனிட்ட மாட்டுத் தோல் அல்லது எருமைத் தோல் நல்லது. ஆட்டுத் தோல் மென்மையானது. உள்பக்க உறைக்குப் பொருந்தும், மேற்புறத்திற்கு வலுப் போதாது.

அடிப்பாகம்: பூட்ஸ் விரல்களின் அடிமேட்டில் வளைய வேண்டும், நடுவில் வளைந்தால் உறுதியில்லை. கடற்பஞ்சு போன்ற மெத்தென்ற அடியைக் கருவேல முள் எளிதில் துளைத்துவிடும். பாலியூரித்தேன் அடி இலேசாக இருந்தாலும், ஈரப்பதத்தில் நெடுநாள் பயன்படுத்தாமல் கிடந்தால் தானே பொடிந்து உதிரும். பல்லாண்டு கடையில் தேங்கிய சரக்கை வாங்க வேண்டாம். தயாரித்த மாதத்தைக் கேட்டு வாங்கவும்.

தையல்: பசையால் மட்டும் ஒட்டியதைவிடச் சுற்றிலும் நைலான் நூலால் தைத்ததே உழைக்கும். அடி தேய்ந்த பின் நம் ஊர்ச் செருப்புத் தைப்பவரிடமே புது அடி வைத்துக்கொள்ளவும் முடியும்.

தரக் குறி: எஃகு முனை பூட்ஸில் ஐ.எஸ். 15298 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா எனப் பார்க்கவும். இத்தரத்தின் 2 ஆம் பகுதிக்கு உட்பட்ட முனை 200 ஜூல் தாக்குதலைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம்.

அளவு: நாள் முழுவதும் நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஆகவே மாலையில் சென்று, தடித்த பருத்திக் காலுறையுடன் இரு காலிலும் போட்டு நடந்து பார்க்கவும். விரல் நுனிக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். வெறுங்காலுடன் நடந்து பழகியவர்களின் பாதம் முன்புறம் அகன்றிருக்கும். நீளம் சரியாக இருந்தும் பக்கம் அழுத்தினால் பெரிய எண்ணுக்குப் போகாமல், முன்புறம் அகன்ற வேறு வார்ப்பைக் கேட்கவும்.

விலையைக் கணக்கிடும் முறை

வாங்கும் விலையை உழைக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 400 ரூபாய் பூட்ஸ் 6 மாதம் உழைத்தால் மாதச் செலவு ஏறக்குறைய 67 ரூபாய். 1,200 ரூபாய் பூட்ஸ் 30 மாதம் உழைத்தால் மாதச் செலவு 40 ரூபாய். மலிவானது எது என்பதை உழவர்களே முடிவு செய்யலாம்.

நோய் பரவாமல் காத்தல்

புதன்சந்தை, அந்தியூர் போன்ற சந்தைகளுக்குச் சென்று திரும்பும்போது கோமாரி நோய்க் கிருமி காலணிச் சேற்றுடன் நம் தொழுவத்திற்கு வரக்கூடும். சந்தைக்கு ரப்பர் பூட்ஸே ஏற்றது. வீடு திரும்பியதும் சேற்றைத் தேய்த்துக் கழுவிய பின், 1 லிட்டர் நீருக்கு 40 கிராம் சலவைச் சோடா கலந்த கரைசலில் நனைக்க வேண்டும். சேறு போகாமல் மருந்தில் தோய்ப்பதால் பயனில்லை. இக்கரைசல் தோலைக் கெடுக்கும். எனவே தோல் பூட்ஸுக்கு ஆகாது. கோழிப் பண்ணையாளர் ஒவ்வொரு கொட்டகைக்கும் தனித்தனி பூட்ஸ் வைத்து, அதனை அங்கேயே விட்டுவர வேண்டும்.

பேணும் முறை

• வேலை முடிந்ததும் சாணத்தை உடனே கழுவவும். காய விட்டால் தோல் வெடிக்கும்.

• நனைந்த தோல் பூட்ஸின் உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்தவும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்கக்கூடாது.

• 15 நாளுக்கு ஒருமுறை துணியில் தொட்டு விளக்கெண்ணெயை மெல்லியதாகத் தடவவும். மிகுதியானால் தோல் தளர்ந்துவிடும்.

• பூட்ஸைத் தலைகீழாக முளையில் மாட்டவும். போடும் முன் ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்க்கவும். தேளும் பாம்புக் குட்டியும் இருட்டில் தங்க விரும்பும்.

முடிவாக ஒன்று. பூட்ஸ் ஆபத்தைக் குறைக்குமேயன்றி முற்றிலும் நீக்காது. தனுர்வாதத் தடுப்பூசியை 10 ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். அழுக்கான ஆழ்ந்த காயம் பட்டால், முன்னைய ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருப்பின், உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். பாம்பு கடித்தால் இறுகக் கட்டுவதோ கீறுவதோ கூடாது. காலை அசைக்காமல் ஆளை உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. கிருமி நீக்கும் முறைகள் பற்றிய ஐயங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, சேலம் மாவட்டத்தினர் சந்தியூர் நிலையத்தையோ அணுகலாம். உழவு மாட்டின் குளம்பு தேயாதிருக்க இலாடம் அடிக்கும் உழவர் பெருமக்கள், தம் பாதங்களுக்கும் அதே அக்கறையைக் காட்டிப் பயன்பெற வேண்டும்.