சனிக்கிழமை நாலு மணிக்குப் போ

அன்புள்ள தம்பி,

உன் முதல் கொட்டேஷனைப் பார்த்தேன். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஓடூ மென்பொருள் போட 16 கோர் சர்வர், 128 ஜிபி ரேம் என்று எழுதியிருக்கிறாய். விலையைக் கேட்டு முதலாளி மிரண்டது நியாயம்தான்.

எண்பது பேருக்கு லாகின் இருக்கலாம். ஒரே நேரத்தில் பட்டனைத் தட்டுகிறவர்கள் எத்தனை பேர்? சர்வரில் ஓடும் ஒரு வொர்க்கர் புரோசஸ் ஏறக்குறைய 6 பேரைத் தாங்கும் என்று ஓடூவின் ஆவணமே சொல்கிறது. கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வொர்க்கர்களின் உச்சவரம்பு. 4 கோருக்கு 9 வருகிறது. பின்னணி வேலைகளுக்கு ஒன்றை ஒதுக்கினாலும் 48 பேரைச் சமாளிக்கலாம். பளுவான வேலைக்கு 1 ஜிபி ரேம், லேசானதற்கு 150 எம்பி, ஐந்தில் ஒரு பங்கு பளு என்று போட்டுப் பார்: 9 வொர்க்கருக்கு 3 ஜிபிதான். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்குத் தாராளமாக விட்டாலும் 32 ஜிபிக்கு மேல் ஏன்?

இது சாதாரண நாளின் கணக்கு. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். மாலை நாலு மணிக்குப் பீஸ் ரேட் கணக்கை முடிக்க செக்கிங், பேக்கிங், ஆபீஸ் எல்லாரும் ஒன்றாக உள்ளே வருவார்கள். அப்போது போய் நின்று எண்ணு. ஜிஎஸ்டி தாக்கலுக்கான 11, 20 தேதிகளை ஒட்டியும் ஒருமுறை எட்டிப்பார்.

மிச்சமாகும் பணத்தை டிஸ்க்கிலும் கரண்டிலும் போடு. மலிவான எஸ்எஸ்டி சில, தரவு இன்னும் கேஷ் மெமரியில் கிடக்கும்போதே ‘எழுதிவிட்டேன்’ என்று டேட்டாபேஸிடம் பொய் சொல்லும். அந்த நொடியில் கரண்ட் போனால் அந்த பில் போச்சு. கரண்ட் போனாலும் கேஷைக் காப்பாற்றும் எஸ்எஸ்டி வாங்கு. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். அது பிடிக்கும்வரை தாங்க யூபிஎஸ் வேண்டும். சர்வரைக் கட்டிங் ஹால் பக்கம் வைக்கவே விடாதே. பஞ்சுத் தூசு ஃபேனை அடைத்துவிடும், நான் கத்தரிக்கோல் கொண்டு நோண்டி எடுத்திருக்கிறேன்.

பேக்கப்பையும் மறக்காதே. ஒரு கம்பெனியில் இரண்டு டிஸ்க்கை மிரராக ஓடவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் நானே தப்பான டெலீட் கட்டளையைக் கொடுத்தேன். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சமயத்தில் அழிந்தது. பேக்கப்பைத் திறந்தால், மூன்று மாதமாகக் காலிக் கோப்பு. துண்டுச்சீட்டுகளைப் பார்த்து நாலு பேர் மறுபடி டைப் அடித்தோம்.

பிரைவேட் லிமிடெட் என்றால் சட்டமும் கேட்கும். 2022 ஆகஸ்ட் முதல் கணக்குகளின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் யார், எப்போது, என்ன திருத்தினார் என்ற தடமும் வேண்டும். பார்ட்னர்ஷிப் கம்பெனிக்கு இந்த விதி இல்லை. அங்கேயும் பேக்கப் எடு.

இந்தச் சனிக்கிழமை போய் எண்ணிவிட்டு, திருத்திய கொட்டேஷனை அனுப்பு. மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறு மெஷினில் மீட்டுப் பார்க்கும் கூலியையும் அதில் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்