குழிக்குக் கெடு 15 ஆண்டு

சிங்கப்பூரில் சாவு வீட்டுக்குப் போனால், காப்பி ஆறுவதற்குள் நான்கு பேர் நான்கு சட்டம் சொல்லிவிடுவார்கள். பாதி ஊரிலிருந்து கூடவே வந்த பழக்கம். கால்வாசி பழைய பிடாடரி இடுகாட்டுக் காலத்து நினைவு. மீதி, யாரோ யாரிடமோ சொன்னது. முடிவெடுக்க வேண்டியவருக்கோ ஒரு நாள் கிடைத்தால் பெரிது. முஸ்லிம் குடும்பம் என்றால் அதுவும் கிடையாது. அந்த அவசரத்தில் அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளை இங்கே உரசிப் பார்க்கலாம்.

“காசு கட்டி வாங்கிய இடம். இனி அது நம் குடும்பத்துக்குத்தான்.”

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான். சிங்கப்பூரில் இன்று புதிதாக நல்லடக்கம் செய்ய இருக்கும் ஒரே இடம் சுவா சூ காங் இடுகாடு. அங்கே கட்டும் கட்டணம் நிலத்துக்கான விலை ஆகாது. காலத்துக்கான வாடகை என்று எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும். 1998இல் வந்த கொள்கைப்படி ஒரு குழிக்கு 15 ஆண்டுதான் கெடு. கெடு முடிந்ததும் குழி தோண்டப்படும், எச்சங்கள் வெளியே எடுக்கப்படும், இடம் அடுத்தவருக்குப் போகும். கெடுவை நீட்டித்துத் தரச் சொல்லிப் பணம் கட்டவும் வழியில்லை.

பட்டா போட்ட நிலம்போல அதை நினைத்துப் பளிங்கில் பெரிய சமாதி எழுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். துக்கத்தில் இருப்பவரிடம் கணக்குப் பேசுவது கடினம்தான். ஆனாலும் வீட்டில் யாராவது ஒருவர் அந்தச் செலவுக்கு முன் வாய் திறப்பது நல்லது என்பேன்.

15 ஆண்டு என்பதுகூட உச்சவரம்புதான் என்பதை வரலாறு காட்டும். நிலம் வேறொன்றுக்குத் தேவைப்பட்டால் இடுகாடே எழுந்து போகும். 1972இல் மூடப்பட்ட பிடாடரியில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லறைகள் தோண்டப்பட்டன. இன்று அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள். சில கல்லறைக் கற்கள் மட்டும் நினைவுத் தோட்டத்தில் நிற்கின்றன. சுவா சூ காங்கிலும், தெங்கா விமானத் தளத்தை விரிவாக்குவதற்காக 80,000க்கும் மேற்பட்ட சீன, முஸ்லிம் கல்லறைகளைக் கட்டம் கட்டமாக அகற்றப்போவதாக 2017இல் அரசாங்கம் அறிவித்தது.

“15 வருஷம் ஆனதும் எல்லாரையும் எரித்துவிடுவார்கள்.”

இல்லை. இங்கே மதம் குறுக்கே வந்து நிற்கிறது, சட்டமும் அதற்கு வழிவிடுகிறது. தகனத்தை ஏற்கும் சமயத்தவரின் எச்சங்கள் தகனம் செய்யப்பட்டு, சாம்பல் மாடத்தில் வைக்கப்படும். தகனத்தை ஏற்காத முஸ்லிம்கள், யூதர்கள் போன்றோரின் எச்சங்கள் மறுபடி மண்ணுக்கே போகும். ஆனால் முன்போல ஆளுக்கொரு குழி இருக்காது. சிறிய இடத்தில், வேறு பலரோடு சேர்த்து அடக்கம் நடக்கும்.

நம் தமிழ் முஸ்லிம் பெரியவர்கள் சிலர், கபரைத் தோண்டுவதே மார்க்கத்துக்கு அடுக்காது என்று மனம் புழுங்குவதுண்டு. அந்த வருத்தத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் முஸ்லிம் கபர்களைத் தொடும் எந்த வேலையும் முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தோடு கலந்தே நடக்கிறது. 2007இல் வந்த கான்கிரீட் பெட்டக முறையும் அப்படித்தான். வரிசையாக, நெருக்கமாகக் கட்டப்பட்ட பெட்டகங்களில் அடக்கம் செய்வதால் இடம் மிச்சமாகிறது, மண் சரிவதும் இல்லை.

“இந்துக்களுக்கு எரிப்பது ஒன்றுதான் வழி.”

தமிழ்நாட்டுக் கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். புதைக்கும் வழக்கமுள்ள சாதிகள் எத்தனையோ. குழந்தைகளையும் துறவிகளையும் வீரசைவர்களையும் மண்ணில் வைப்பதுதான் மரபு. சுவா சூ காங்கில் இந்துக்களுக்கெனத் தனிப் பகுதியே இருக்கிறது, பிடாடரியிலும் இருந்தது. தகனம் பெருகியதற்கு வேதத்தைவிட இடநெருக்கடிதான் பெரிய காரணம். இந்த ஊரில் இறப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் தகனம் செய்யப்படுகிறார்கள். எல்லாச் சமயத்தவரும் அதில் உண்டு.

“கத்தோலிக்கர்கள் எரிக்கக் கூடாது.”

1963 வரை அப்படித்தான். அந்த ஆண்டு வத்திக்கான் தடையைத் தளர்த்தியது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் தகனத்தை அனுமதிக்கிறது, புதைப்பதைப் பரிந்துரைக்கிறது. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். சாம்பலை என்ன செய்யலாம் என்பதில்தான் உண்மையான கட்டுப்பாடு. காற்றிலோ கடலிலோ தூவக் கூடாது, புனிதமான ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் வத்திக்கான் தெளிவாகச் சொன்னது. 2023இல் சற்று இளகி, ஒவ்வொருவரின் பெயரும் குறிக்கப்பட்டிருந்தால் பலரது சாம்பலைப் பொதுவான புனித இடத்தில் ஒன்றாக வைக்கலாம், மிகச் சிறு பகுதியை இறந்தவருக்கு முக்கியமாக இருந்த ஓரிடத்தில் வைத்துக்கொள்ளவும் கேட்கலாம் என்றது. அப்பா ஆசைப்பட்டார் என்று கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று படகேறுவதற்கு முன், பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

“குழிதான் தற்காலிகம், மாடம் நிரந்தரம்.”

மவுண்ட் வெர்னனில் மாடம் வைத்திருந்தவர்களுக்கு இதன் பதில் தெரியும். 1962இல் தகனச்சாலையாகத் தொடங்கிய இடம் அது. 2018இல் அங்கிருந்த சாம்பல் மாடங்களும் மூடப்பட்டன. குடும்பங்கள் சாம்பலை எடுத்துக்கொண்டு வேறிடம் போக வேண்டியிருந்தது.

என்றாலும் மாடத்துக்கு ஒரு நன்மை உண்டு. மாடத்தில் வைத்த சாம்பலை எடுக்கலாம், மாற்றலாம். பத்து ஆண்டு கழித்து மகள் மனம் மாறி ராமேஸ்வரத்தில் கரைக்க நினைத்தாலும் வழியிருக்கும். முடிவெடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றும்: செய்ததைப் பின்னால் மாற்ற முடியுமா? புதைத்தவரைப் பின்னர் தகனம் செய்யலாம். மாடத்தில் இருப்பதைப் பின்னர் கரைக்கலாம். கரைத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. சகோதரர்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் மாடத்தில் வைத்துவிட்டு ஆறு மாதம் பொறுப்பதில் குற்றமில்லை.

மாடத்தின் இடம் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது, கண்ணுக்கு நேரான உயரத்தில் கேட்டால் கொடுப்பார்கள் என்று. அரசாங்க மாடங்கள் வரிசைப்படி தரப்படுபவை. விரும்பிய இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடுதல் கட்டணம் உண்டு. மேல் வரிசை கிடைத்துவிட்டால் ஏணி போட்டுத்தான் பூ வைக்க வேண்டும். மூட்டுவலிக்காரப் பாட்டி வீட்டில் இருந்தால் அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை.

“சாம்பலைக் கடலில் எங்கே வேண்டுமானாலும் கரைக்கலாம்.”

அதற்கென்று குறித்த இடம் இருக்கிறது: புலாவ் செமாக்காவுக்குத் தெற்கே, ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் தள்ளி. பகல் வேளையில் படகெடுத்துப் போக வேண்டும். கடல் ஒத்துவராதவர்களுக்கு 2021இல் சுவா சூ காங்கில் ‘அமைதித் தோட்டம்’ திறக்கப்பட்டது. குறித்த பாதைகளில் சாம்பலைத் தூவி நீர் ஊற்றுவார்கள். அது மண்ணில் இறங்கிவிடும். எந்தச் சமயத்துக்கும் உரியதாக இல்லாத இடம் என்பதால் ஊதுபத்தி, படையல், பெயர்ப்பலகை எதற்கும் அனுமதி இல்லை. திதி கொடுக்க அங்கே போகலாம் என்று எண்ணுகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொண்டால், வாழையிலையைச் சுருட்டிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்காது.

“தோண்டப்போகும்போது வீட்டுக்கு வந்து சொல்வார்கள்.”

இதை நம்பி உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. தோண்டும் அறிவிப்புகள் நாளிதழ்களில் வரும், தேசிய சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்தில் இருக்கும். உறவினர்தான் தேடிப் பார்த்துப் பதிவுசெய்து உரிமை கோர வேண்டும். 15 ஆண்டில் ஒரு குடும்பம் இரண்டு வீடு மாறியிருக்கும், கையெழுத்துப் போட்ட மூத்தவர் காலமாகியிருப்பார், தமிழ் நாளிதழ் வாங்குவது நின்றிருக்கும். யாரும் கேட்டு வராத சாம்பலை வாரியம் சில காலம் வைத்திருந்து பிறகு கடலில் சேர்த்துவிடும்.

ஆகவே அடக்கம் முடிந்த அன்று கையில் தரும் தாள் இருக்கிறதே, கல்லறை எண்ணும் பகுதியும் தேதியும் போட்டது, அதை மூத்தவர் பீரோவில் மட்டும் பூட்டிவைக்காதீர்கள். படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். 14ஆவது ஆண்டில் வாரியத்தைத் தொடர்புகொள்ள வேண்டியது யார் என்பதையும் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள். முடிந்தால் அது வீட்டின் இளையவராக இருக்கட்டும்.