கணக்கு வேண்டுமா, வேண்டாமா: எல்லையூர்ப் பிள்ளைகளின் பிளஸ் ஒன் குழப்பம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து அக்ஷயா மையங்களில் கூட்டம் நெரியும். பிளஸ் ஒன் ஏகஜாலக (ஒற்றைச் சாளர) விண்ணப்பத்தில் எந்த குரூப்பை முதலில் போடுவது என்று வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் எல்லாருக்கும் யோசனை சொல்வார்கள். டாக்டருக்குப் படிக்கணும் என்று வாய்திறந்த பிள்ளை மாட்டிக்கொண்டது. இந்த யோசனைகளில் சில, மாறிப்போன பழைய விதி. சில, களியக்காவிளைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில் மட்டும் செல்லுபடியாகும் விதி.

முதலில் நிற்பது கணக்கு. “மேத்ஸ் எடுக்காதவன் எப்படி டாக்டராவான்?” ஆகலாம். நீட் தேர்வில் 180 கேள்விகள்: உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45, மொத்தம் 720 மதிப்பெண். கணக்குக்கு ஒரு கேள்விகூட இல்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது உயிரித் தொழில்நுட்பம்), ஆங்கிலம் ஆகியவற்றில் தேறியிருக்க வேண்டும். மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 50 சதவீதமும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதமும் வாங்கியிருக்க வேண்டும். கேரள ஹயர் செகண்டரியில் கணக்குக்குப் பதில் ஹோம் சயின்ஸோ சைக்காலஜியோ சேர்ந்த உயிரியல் குரூப்புகளும் உண்டு. எல்லாப் பள்ளியிலும் இராது. தேடிப் பார்க்க வேண்டும்.

அதற்காகக் கணக்கை ஒதுக்கச் சொல்லவில்லை. இயற்பியலில் வெக்டரும் மடக்கையும் கொஞ்சம் வகையீடு, தொகையீடும் வந்தே தீரும். இருந்தாலும் பயோ மேத்ஸ் எடுப்பதற்கு உண்மையான காரணம் வேறு. நீட்டில் இடம் கிடைக்காமல் போனால் இன்ஜினியரிங் பக்கம் போக அது வழி வைக்கிறது. கணக்கில் விருப்பம் இருக்கும் பிள்ளை அதை எடுக்கட்டும். கணக்கென்றாலே வயிற்றைக் கலக்கும் பிள்ளையை, அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று இரண்டு வருஷம் அதில் கட்டிப்போடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

“கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாச்சு, இனி மெடிசின் அவ்வளவுதான்” என்பது பழைய விதி. 1997ஆம் ஆண்டு மருத்துவக் கல்வி ஒழுங்குமுறைகளின்படி பதினொன்று, பன்னிரண்டு இரண்டிலும் உயிரியலைச் செய்முறையோடு தொடர்ந்து படித்திருக்க வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தளர்த்தியது. பன்னிரண்டு முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் இப்போது நீட் எழுதலாம். ஆனால் 90 கேள்விக்கான இரண்டு வருஷப் பாடத்தை ஆசிரியர் இல்லாமல் அள்ளிக்கொள்வது லேசான காரியமில்லை. பதினைந்து வயதிலேயே மனசில் டாக்டர் ஆசை இருந்தால் உயிரியலை இப்போதே எடுப்பதுதான் புத்தி.

திருவனந்தபுரம் ஜில்லாவில் குரூப் தகராறு புதிதல்ல. மேரி புன்னன் லூக்கோஸுக்குப் பெண் என்ற காரணத்தால் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி அறிவியல் வகுப்பில் இடம் தரவில்லை. அவர் வரலாறு படித்து 1909இல் பி.ஏ. முடித்தார். பிறகு லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பி, திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலே ஆனார். இன்றைக்கு அறிவியல் பாடங்களில் தேறாமல் அப்படி மருத்துவத்துக்குப் போகும் வழி கிடையாது.

“பயாலஜி மட்டும் போதும், பிசிக்ஸை விட்டுடு” என்று சொல்பவர்களும் உண்டு. உயிரியலை முழுதாக வாங்கினாலும் 360தான். சரிபாதி.

மொழி விஷயத்தில்தான் எல்லைப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். “தமிழ் செகண்ட் லாங்குவேஜ் எடுத்தால் கேரளத்தில் மெடிக்கல் கிடைக்காது” என்பது வெறும் கதை. ரேங்க் பட்டியல் நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். இரண்டாம் மொழி அதில் வருவதேயில்லை. “தமிழில் நீட் எழுதலாமே” என்பது பாதி உண்மை. நீட் 13 மொழிகளில் நடக்கிறது, தமிழும் உண்டு. ஆனால் மாநில மொழிக் கேள்வித்தாள் அந்தந்த மாநில மையங்களில்தான் கிடைக்கும். கேரள மையங்களில் கிடைக்கும் மாநில மொழித் தாள் மலையாளம். தமிழ்த் தாள் வேண்டும் என்கிற பாறசாலைப் பிள்ளை விண்ணப்பிக்கும்போதே நாகர்கோவில் போன்ற தமிழ்நாட்டு ஊரை மையமாகக் கேட்க வேண்டும். இதைப் பலர் ஹால் டிக்கெட் வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள்.

தமிழ்த் தாளில் ஆங்கில வடிவமும் பக்கத்திலேயே இருக்கும். சந்தேகம் வந்தால் ஆங்கிலமே முடிவு. 2018இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்புத் தவறு என்று வழக்குப் போனது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கருணையாகத் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிளஸ் டூ அறிவியலை ஆங்கிலப் புத்தகத்தில் படித்த பிள்ளை, பாசத்தால் தமிழ்த் தாளைக் கேட்டு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுப் பேச்சு எந்த மொழி என்பது வேறு. ஒளிச்சேர்க்கையை எந்த மொழியில் படித்தோம் என்பதுதான் தேர்வறையில் பேசும்.

அடுத்தது இஞ்சிவிளை, பனச்சமூடு பக்கம் அடிக்கடி கேட்கும் யோசனை: “பிளஸ் ஒன்னுக்கு அந்தப்பக்கம் அரசுப் பள்ளியில் சேர்த்துவிடு, ஏழரை சதவீதம் கிடைக்கும்.” கிடைக்காது. தமிழ்நாட்டின் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் 2020இல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கடைசி இரண்டு வருஷம் மட்டும் தாண்டிப் போனால் பஸ் காசுதான் செலவு. விளவங்கோடு பக்கத்திலிருந்து பாறசாலைக்கு வந்து படிக்கும் பிள்ளைக்கும் இதே கணக்கு: நேட்டிவிட்டி சர்டிபிகேட் காட்டித் தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் சேரலாம், ஏழரை சதவீதம் மட்டும் கிடையாது. 1956 நவம்பர் 1இல் போட்ட கோடு இரண்டு பக்கமும் சொந்தபந்தத்தை வைத்துவிட்டது உண்மைதான். அதற்காக இரண்டு மாநிலத்திலும் சொந்த மாநிலம் என்று உரிமை கோர முடியாது; கோரினால் இடமே பறிபோகும்.

கடைசியாக, “நீட் எழுதியாச்சே, அப்புறம் என்ன?” கேரள ரேங்க் பட்டியலில் பெயர் வர, கேரள நுழைவுத் தேர்வு ஆணையரிடம் கீம் விண்ணப்பம் தனியாகப் போட்டிருக்க வேண்டும். கீம் என்றால் இன்ஜினியரிங் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் ஏராளம். அதன் கடைசித் தேதி பெரும்பாலும் மே மாத நீட்டுக்கு முன்பே முடிந்துவிடும். பக்கத்தில் காரக்கோணம் சோமர்வெல் மருத்துவக் கல்லூரி என்றாலும் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி என்றாலும், மாநில ஒதுக்கீட்டுக்கு இந்த விண்ணப்பம்தான் வாசல். ஆசாரிப்பள்ளத்துக் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் பாறசாலைப் பிள்ளை சேர வழியுண்டு. அங்கே 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீடு. நீட் ரிசல்ட் வந்த பிறகு மத்திய மருத்துவக் கவுன்சலிங் குழுவின் தளத்தில் அதற்குத் தனியாகப் பதிய வேண்டும்.